பெயருக்குள் ஒரு சாய்கோடு

அந்த அலமாரியிலிருந்து மூன்று ஆண்டுகளில் புத்தகம் எடுத்தவர் ஒரே ஒருவர் என்றது கணினி.

முதல்வர் தியாகராஜன் அந்தத் தாளை மேசைமேல் அபர்ணாவின் பக்கமாகத் திருப்பி வைத்தார். பள்ளி நூலகத்தின் எல்லா அலமாரிகளும் அதில் வண்ணக் கம்பிகளாக எழுந்து நின்றன. மலாய்க் கதைகளுக்கு உயரமான நீலக் கம்பி. ஆங்கிலத்துக்கு அதைவிடக் கொஞ்சம் குட்டை. அறிவியல், வரலாறு, சமையல் என்று ஏறியும் இறங்கியும் போய், கடைசியில் தமிழ் என்று போட்டிருந்த இடத்தில் கம்பியே இல்லை. உற்றுப் பார்த்தால் தரையோடு தரையாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது, துடைத்த பிறகும் மேசையில் தங்கிவிடும் ஈரத்தைப் போல.

"ஷப்னம் பிந்தி லியாக்கத் அலி. நாலாம் படிவம்," என்று வாசித்தார். "இந்தப் பொண்ணு மட்டும்தான். ஒரு பிள்ளைக்காக ஒரு அலமாரியா டீச்சர்?"

அபர்ணாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை அவள்தான். எந்த அலமாரி முன்னால் பிள்ளைகள் மண்டுவார்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"அப்படி இருக்காது சார். ஓய்வு நேரத்துல ஒரு நாளைக்கு வந்து பாருங்க. அங்கதான் கூட்டமே நிக்கும்."

"நிக்கும், நிக்கும். ஃபேன் அங்கதானே இருக்கு."

அவர் கெட்டவர் அல்ல. மாசாயில் இந்தப் பள்ளிக்கு வந்த பிறகு ஒழுகும் கூரைகளுக்காகக் கல்வி இலாகாவோடு மல்லுக்கு நின்றவர். நூலகத்தின் பாதியைக் கணினி அறையாக மாற்ற இப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. இடம் வேண்டும். அதிகம் எடுக்கப்படாத அலமாரிகளை லுப்புஸ் செய்யச் சொல்லி உத்தரவு. லுப்புஸ் என்றால் பதிவிலிருந்து அடித்து, கோணியில் கட்டி, காகிதத் தொழிற்சாலை லாரியில் ஏற்றிவிடுவது. அங்கே அவை கூழாகும். பழைய கலைக்களஞ்சியங்கள் போகப்போகின்றன, பூச்சி அரித்த அகராதிகள் போகப்போகின்றன, அவற்றோடு தமிழ் அலமாரியும்.

"தமிழ்ப் புத்தகம்னா எனக்கு மட்டும் வலிக்காதா?" என்றார் தியாகராஜன். "ஆனா நான் தமிழன். இந்த அலமாரிக்கு மட்டும் நான் கணக்குப் பாக்கலைன்னா நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல என்ன பேசுவாங்க? எல்லாருக்கும் ஒரே அளவுகோல். வெள்ளிக்கிழமை லாரி வருது. அதுக்குள்ள ஏதாச்சும் காரணம் இருந்தா வந்து சொல்லுங்க, நான் கேக்குறேன்."

அவர் பேசும்போது அபர்ணாவின் கண் மேசையின் மறுகோடியில் இருந்தது. அங்கே, கண்ணாடி எடையின் கீழ், அவளுடைய இடமாற்ற விண்ணப்பம் கிடந்தது. முதல்வரின் பரிந்துரை எழுத வேண்டிய கட்டம் இன்னும் காலி.

*

அபர்ணாவின் கணவன் சுகுமாறன் சிகாமட் மருத்துவமனையில் வேலை பார்த்தான். மகள் மித்ரா அவனோடு இருந்தாள். அபர்ணா மாசாயில் ஓர் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறி, ஞாயிறு மாலை திரும்பிவிடுவாள். மகளின் வயதுதான் அந்தப் பிரிவின் வயதும். ஆண்டுக் கடைசி மழையில் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் ஏறும்போது குளிர்பதனப் பெட்டியை மேசைமேல் தூக்கி வைக்கவும் சுகுமாறன்தான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்கு ஓடவும் சுகுமாறன்தான். போன மாதம் மித்ரா தன் பாலர் பள்ளித் தோழியிடம் அவளை அறிமுகப்படுத்தினாள். "இவங்கதான் என்னோட வெள்ளிக்கிழமை அம்மா." பிள்ளை அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். அபர்ணா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

சிகாமட்டில் ஓர் இடம் காலியாகிறது என்று தகவல் வந்திருந்தது. விண்ணப்பத்துக்கு இந்த வாரத்தோடு கெடு முடிகிறது. நல்ல ஆசிரியை, பதிவுகள் சுத்தம், குறை ஒன்றும் இல்லை என்று முதல்வர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஓய்வு மணி அடித்தது. நூலகம் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் காற்று திரும்பும் நேரங்களில் பாசிர் கூடாங் பக்கத்துத் தொழிற்சாலைகளின் நெடி வரும், சுட்ட ரப்பரும் முட்டையும் சேர்ந்தது போல. அன்றைக்கு நெடி இருந்தது. இருந்தும் தமிழ் அலமாரி முன்னால் பிள்ளைகள் நின்றார்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒருத்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் விசாலி, பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம். அப்பா தேனப்பன் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறவர். சாயங்காலம் வந்து படுத்தால் வீட்டில் விளக்கு எரியக்கூடாது. விசாலி அடுக்குமாடி நடைபாதை வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் படிப்பாள். அதுவும் எங்கெங்கோ இருக்கும் நாடுகளின் கதைகள், தமிழில் வந்தவை. யாரோ ஒரு பழைய ஆசிரியர் அள்ளிக் கொடுத்துவிட்டுப் போன அந்தக் கதைகளால்தான் அந்த அலமாரியே நிறைந்திருந்தது.

"டீச்சர், இதோட ரெண்டாம் பாகம் எங்க டீச்சர்?" என்று எழுந்து வந்தாள். கையில் தடித்த நாவல். பனி உறையும் ஆற்றில் படகு ஓட்டும் ஒருத்தியின் கதை. "இவ தம்பியைத் தேடி ஆத்து மேலயே நடந்து போறா. நடு ஆத்துக்கு வந்தாச்சு. காலுக்கு அடியில ஐஸ் உடையற சத்தம் கேக்குது. அதோட முதல் பாகம் முடிஞ்சு போச்சு. இப்படியா டீச்சர் முடிப்பாங்க? மனுஷங்களா இவங்க?"

"தேடிப் பாத்தியா?"

"பாக்காமயா? இந்தக் கம்ப்யூட்டர்ல தமிழ்ப் புத்தகம் தேடறது இருக்கே, அலமாக்!" விசாலி தலையில் கை வைத்துக்கொண்டாள். "பேரை இங்கிலீஷ் எழுத்துலதானே போட்டு வச்சிருக்காங்க. ஒருத்தங்க ழ-வுக்கு இஸட் எச் போட்டிருக்காங்க, ஒருத்தங்க எல் போட்டிருக்காங்க, இன்னொருத்தங்க வெறும் இஸட். மழைன்னு தேடினா மலை வருது, மாலை வருது. மழை மட்டும் வரவே மாட்டேங்குது."

"அப்ப எப்படித்தான் எடுக்கறீங்க?"

"கண்ணால பாத்துதான். யாரு எதைப் படிச்சான்னு எங்களுக்குள்ள சொல்லிக்குவோம். ஆனா இந்த ரெண்டாம் பாகம் யாருகிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியல. கம்ப்யூட்டர்ல வெளியே போயிருக்குன்னு மட்டும் காட்டுது."

பின்னாலிருந்து ஒரு கை விசாலியின் தோளில் விழுந்தது. ஷப்னம். அவள் அப்பா லியாக்கத் அலியின் நாசி கண்டார் சோற்றுக்கடை மாசாயில் எல்லோருக்கும் தெரியும். காலையில் அவள் மேல் குழம்பு மணம்தான் முதலில் வரும், அவள் பிறகு வருவாள். முதல்வர் அறையில் நடந்த பேச்சு எப்படியோ அவளுக்கு முன்பே எட்டிவிட்டிருந்தது.

"ஏய், தள்ளி நில்லு லா. என் அலமாரி. என்னைக் கேக்காம யாரும் தொடக்கூடாது. பிரின்சிபால் ஆபீஸ் கணக்குப்படி இங்க படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். நீங்க எல்லாம் பேய்."

"பேய்னா உன்னைத்தான் முதல்ல பிடிப்பேன்."

"நீ வருஷத்துக்கு நூறு புக் எடுக்கற. நான் உனக்குத் துணையா வந்து நாலு எடுப்பேன். எப்படிடி என் பேரு மட்டும் வந்துச்சு?"

அபர்ணா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது.

வழங்கும் மேசையில் பொறுப்பு மாணவி ஷப்னத்தின் அட்டையை இயந்திரத்தின் கீழ் நீட்டினாள். திரையில் அவளுடைய முழுப் பெயர் வந்தது. அடுத்து விசாலி. மாணவி அவளுடைய அட்டையை வாங்கவே இல்லை. பழக்கப்பட்ட விரலால் ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் வந்தது: பெலவாட். வருகையாளர்.

விசாலிக்குப் பின்னால் நின்றவனுக்கும் அதே பொத்தான். அவனுக்குப் பின்னால் நின்றவளுக்கும்.

*

அந்தப் பொத்தானை அமைத்துக் கொடுத்தவள் அபர்ணாதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் புதிய மென்பொருள் வந்தபோது, அலுவலகத்திலிருந்து மாணவர் பெயர்கள் மொத்தமாக வந்தன. ஏற்றினார்கள். மலாய்ப் பிள்ளைகளின் பெயர்கள் ஏறின, நடுவில் மகன், மகள் என்று சொல்லும் பின், பிந்தி. சீனப் பிள்ளைகளின் பெயர்கள் ஏறின, மூன்று மூன்று சொற்களாக. தமிழ் முஸ்லிம் பிள்ளைகளும் பின், பிந்தி என்பதால் உள்ளே போய்விட்டார்கள். மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் சிவப்பு எழுத்தில் வெளியே வந்து விழுந்தார்கள். செல்லாத குறி என்றது திரை.

குறி என்றால் சாய்கோடு. இந்த நாட்டில் தமிழர் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே அது உட்கார்ந்திருக்கிறது. மகன் என்றால் ஏ, ஒரு சாய்கோடு, எல். மகள் என்றால் ஏ, ஒரு சாய்கோடு, பி. பிறப்புச் சான்றிதழில் தொடங்கிச் சுடுகாட்டுச் சீட்டு வரை கூடவே வரும். அதில் ஒரு கோடு இருக்கிறதென்றே யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அடையாள அட்டையில் இருக்கும் அந்தக் கோட்டைப் பதிவில் மட்டும் எடுத்துவிடலாமா என்று அபர்ணா அலுவலகத்தைக் கேட்டாள். எழுத்தர் பிரேமலா பதறிப்போனாள். "ஐயோ, ஐசியில எப்படி இருக்கோ அப்படியேதான் இருக்கணும் டீச்சர். ஒரு புள்ளி மாறினாலும் ஆடிட்ல என்னைத்தான் பிடிப்பாங்க." மேசை முன்னால் பிள்ளைகள் வரிசை வாசல் தாண்டி நின்றது. பள்ளிக்கு வரும் அதிகாரிகள் யாராவது புத்தகம் கேட்டால் கொடுப்பதற்காகப் பெலவாட் என்று ஒரு பொதுக் கணக்கு இருந்தது. "அப்போதைக்கு இதுல போடுங்க," என்றாள் அபர்ணா. மென்பொருள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் ஒன்று அனுப்பினாள். பதில் வரவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. அந்த வாரம் மித்ராவுக்குக் காய்ச்சல்.

அப்போதைக்கு என்பது அப்படியே இறுகிப்போனது. யாருக்கும் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை, ஏனென்றால் பிள்ளைகள் புத்தகங்களை ஒழுங்காகத் திருப்பித் தந்தார்கள். பெயர் இல்லாமல் எடுத்ததைப் பெயர் இல்லாமலே கொண்டுவந்து வைத்தார்கள். வருகையாளர் எடுப்பதை மென்பொருள் பள்ளிக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது அபர்ணாவுக்கு இன்றுதான் தெரியும். மலாய், ஆங்கில அலமாரிகளுக்கு மற்றப் பிள்ளைகள் போதுமான அளவு இருந்தார்கள், கம்பி உயரமாகவே நின்றது. தமிழ் அலமாரிக்கு வேறு யார் வருவார்கள்?

பிள்ளைகள் போன பிறகு அவள் தன் பெயரையே அடித்துப் பார்த்தாள். அபர்ணா, ஏ, சாய்கோடு, பி, குணசேகர். செல்லாத குறி. மூன்று ஆண்டுகளில் அவள் ஒரு புத்தகம்கூட எடுத்ததில்லை. எடுத்திருந்தால் முதல் நாளே உறுத்தியிருக்கும்.

மென்பொருள் நிறுவனத்தை இந்த முறை தொலைபேசியில் பிடித்தாள். சின்ன வயதுக் குரல், உற்சாகமாக மலாயில் பேசியது. அமைப்புக்குள் போங்கள், கீழே கீழே போங்கள், பெயரில் குறிகளை அனுமதி என்று ஒரு சின்னக் கட்டம் தெரிகிறதா? தெரிந்தது. அதில் ஒரு டிக் போடுங்கள். போட்டாள். அவ்வளவுதான் என்றது குரல்.

"பழைய கணக்கு?" என்று கேட்டாள். "வருகையாளர் பேரில் போனதையெல்லாம் பிள்ளைகள் பேருக்கு மாற்ற முடியுமா?"

முடியாது என்றது குரல். யார் எடுத்தது என்று பதிவே இல்லையே, எதை மாற்றுவது? வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

*

வியாழக்கிழமை முதல்வர் அறைக்குப் போகும்போது என்ன சொல்வது என்று அவள் சொல் சொல்லாக அடுக்கி வைத்திருந்தாள். சார், தப்பு என்னுடையது. பிள்ளைகள் படித்தார்கள். நான் அவர்களை எண்ணவில்லை. இது மூன்று வாக்கியம். மாடிப்படி இறங்கும்போது மூன்றும் இருந்தன.

தியாகராஜன் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாங்க டீச்சர், உங்களைத்தான் நினைச்சேன்." கண்ணாடி எடையை நகர்த்தி விண்ணப்பத்தை முன்னால் இழுத்தார். "இன்னிக்கு இதை அனுப்பலைன்னா கெடு முடிஞ்சிரும். என் சம்சாரமும் எட்டு வருஷம் மெர்சிங்ல, நான் இங்க. எனக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்." பேனாவின் மூடியைத் திறந்தார்.

"சார், அந்தத் தமிழ் அலமாரி விஷயம். அந்த எண்ணிக்கை சரியில்ல சார்."

பேனா தாளுக்கு மேலே நின்றது. "எப்படிச் சரியில்ல?"

"பிள்ளைங்க பேரு ஒழுங்கா பதிவாகல. அந்த ஏ எல், ஏ பி இருக்கில்ல, அதுல வர்ற கோடு. அதை கம்ப்யூட்டர் ஏத்துக்கல. அதனால அவங்க எடுத்ததெல்லாம் கணக்குல வரல."

அவர் முன்னால் சாய்ந்தார். உண்மையாகவே அக்கறைப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது. "எத்தனை நாளா?"

"ஆரம்பத்துல இருந்து."

"மூணு வருஷமா? அப்ப அவங்களுக்குப் புத்தகம் எப்படிக் குடுத்தீங்க?"

அபர்ணா வாயைத் திறந்தாள். பெலவாட் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது.

"பாருங்க டீச்சர்," என்றார் அவர் மெதுவாக. "இது சிஸ்டம் தப்புன்னா வேற. நான் அந்தக் கம்பெனிக்கு எழுதுறேன். அவங்க எழுத்துல ஒத்துக்கிற வரைக்கும் இந்த எண்ணிக்கைதான் நிக்கும், லாரியும் நிக்காது. ஆனா நம்ம ஆளுங்க யாராச்சும் தெரிஞ்சே மூணு வருஷம் தப்பா பதிஞ்சிருந்தா, அது பள்ளிக்கூடம் குடுத்த பொய்க் கணக்கு. நான் உடனே எல்லாத்தையும் நிறுத்தி வைக்கலாம். நிறுத்துவேன். ஆனா யாரு, என்னன்னு மேல எழுதாம இருக்க முடியாது. அப்புறம் பதிவுகள் சுத்தம்னு இங்கே எப்படி எழுதுவேன்?" விரலால் விண்ணப்பத்தைத் தொட்டார். மிரட்டவில்லை. எந்தத் தாளில் எதை எழுதுவது என்பதுதான் அவருக்குக் கேள்வி, அவ்வளவுதான். "எது?"

வெளியே யாரோ பிள்ளைகள் கூடைப்பந்து தட்டும் ஓசை கேட்டது. சுகுமாறன் நேற்று அனுப்பிய படம் அவள் கைப்பேசியில் இருந்தது. மித்ரா வெள்ளிக்கிழமைக்கு வட்டம் போட்ட நாட்காட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வட்டம் சதுரமாக இருந்தது.

"சிஸ்டம் சார்," என்றாள் அபர்ணா.

தியாகராஜன் பெருமூச்சு விட்டார். அவருக்கு ஏமாற்றமா நிம்மதியா என்று சொல்ல முடியாது. காலிக் கட்டத்தில் அழகான கையெழுத்தில் நான்கு வரி எழுதினார். பிறகு இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். லுப்புஸ் தாள். நூலகப் பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து வேண்டும். பேனா அவருடையதே. இன்னும் சூடாக இருந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. புத்தகங்களைக் கீழே இறக்கியவர்கள் பிள்ளைகள்தான். விசாலி முதல் ஆளாக வந்து நின்றாள். வரவேண்டாம் என்று அபர்ணா சொல்லிப் பார்த்தாள்.

"பரவாயில்ல டீச்சர். எது எது எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

கோணிக்குள் போடுவதற்கு முன் ஒவ்வொன்றின் அட்டையிலும் சிவப்பு முத்திரை குத்த வேண்டும். அபர்ணா குத்தினாள். விசாலி அடுக்கினாள். எறியவில்லை. கோணிக்குள்ளும் முதுகு முதுகாக, பெரியது அடியில், சிறியது மேலே.

"டீச்சர், எப்படியும் கூழாக்கப் போறாங்க. நாங்க ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கிட்டா?"

"கூடாதும்மா. அரசாங்கச் சொத்து. முத்திரை குத்தினது எத்தனையோ அத்தனை லாரியில ஏறணும். கீழ ஒருத்தர் நின்னு எண்ணுறாரு."

"கூழாக்கலாம், படிக்கக் கூடாதா?"

 முத்திரை மை தீர்ந்து மங்கலாக விழத் தொடங்கியது. மறுபடி மையில் அழுத்தினாள்.

ஷப்னம் கோணியின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.  கடைசிக் கோணிக்கு முடிச்சுப் போடும்போதுதான் வாயைத் திறந்தாள், விசாலியிடம், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன்டி. மேசையில என் அட்டையை வாங்குவாங்க, உன் அட்டையை வாங்க மாட்டாங்க. பாத்திருக்கியா? ஆகிலுக்கு வாங்குவாங்க, செல்வா அண்ணன் இருந்தப்ப அவருக்கு வாங்கினதே இல்ல. நாங்க பின், பிந்தி. நீங்க அந்தக் கோடு." காற்றில் விரலால் ஒரு சாய்கோடு இழுத்தாள். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீ படிச்சதையெல்லாம் என் பேருல எடுத்திருக்கலாம். நாலு பேரு அப்படிச் செஞ்சிருந்தா அலமாரி இருந்திருக்கும்."

"உன் பேருல எதுக்கு எடுக்கணும்?" என்றாள் விசாலி. "எனக்குப் பேரு இல்லையா?"

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ தேர்வுத் தாளில் புரியாத கேள்வியைக் கேட்பது போலக் கேட்டாள். பிறகு அபர்ணாவை நிமிர்ந்து பார்த்தாள். பெலவாட் பொத்தான் யார் சொல்லி வந்தது என்று பொறுப்பு மாணவிகள் எல்லோருக்கும் தெரியும், அவர்கள் வழியே மற்றப் பிள்ளைகளுக்கும். அந்தப் பார்வை நீளமாகக்கூட இல்லை. அபர்ணா முத்திரையைக் குனிந்து பார்த்தாள்.

லாரி கிளம்பியது. வளைவில் திரும்பும்போது ஒரு கோணியின் முடிச்சு அவிழ்ந்து இரண்டு மூன்று புத்தகங்கள் சாலையில் விழுந்தன. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கிப் போயின. எண்ணிக்கொண்டிருந்தவர் இறங்கி வந்து பொறுக்கி எடுத்துப் போனார், ஒன்றையும் விடாமல்.

அன்று மாலை ரயிலில் அபர்ணா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குளுவாங் தாண்டிச் செம்பனைத் தோட்டங்கள் வரிசை வரிசையாக ஓடின. எல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி. சிகாமட்டில் மித்ரா ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமைம்மா?" கொஞ்சம்தான் என்றாள் அபர்ணா.

*

இடமாற்றம் வந்துவிட்டது. போவதற்கு முன் இருந்த நாட்களில் அபர்ணா அட்டவணையைச் சரிசெய்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே செய்தாள். சாய்கோடு உள்ள பிள்ளைகளின் பெயர்களை அலுவலகப் பதிவிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஐசியில் இருப்பது போலவே, ஒரு புள்ளி மாறாமல். தேடல் கட்டத்தில் தமிழ் எழுத்தே வரும்படி செய்தாள். மழை என்று அடித்தால் மழை வரும், இஸட் எச் போட்டாலும், எல் போட்டாலும் மழைதான் வரும். இப்போது பாசிர் கூடாங் முழுவதிலும் அவ்வளவு செம்மையான தமிழ்த் தேடல் வேறு எந்தப் பள்ளி நூலகத்திலும் இருந்திருக்காது. எதைத் தேடினாலும் பதில் ஒன்றுதான். பொருள் இல்லை.

அலமாரி இருந்த இடத்தில் கணினிகளுக்கான மின்கம்பிகள் சுருட்டிக் கிடந்தன. சுவரில் அதன் உயரத்துக்கு வெளிறாத வண்ணம் ஒரு நீள்சதுரமாகத் தெரிந்தது. ஃபேன் அங்கேயே சுற்றியது. அதன் கீழே யாரும் நிற்கவில்லை.

அவளுடைய கடைசி வாரத்தில் விசாலி வந்தாள். லாரி போன பிறகு நூலகப் பக்கம் அவள் வருவது அதுதான் முதல் முறை. கையில் தடித்த புத்தகம், அட்டையில் எண்ணெய்க் கறை.

"செல்வா அண்ணன் குடுத்தாரு டீச்சர். போன வருஷம் பள்ளிக்கூடம் முடிச்சாரே, இப்ப சிங்கப்பூர்ல வேலை. மோட்டார் பெட்டிக்குள்ளயே கிடந்துச்சாம். லேட்டாயிடுச்சுன்னு மன்னிப்புக் கேக்கச் சொன்னாரு."

இரண்டாம் பாகம். பனி ஆற்றின் நடுவே நின்றவளின் மீதிக் கதை. முத்திரை விழாதது. அது வெளியே, யாரென்றே தெரியாத வருகையாளரிடம் இருந்ததால் கோணிக்குத் தப்பியது. அந்த அலமாரியில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். முதல் பாகம் கூழாகிவிட்டது. அதைப் படித்தவர்களில் இன்னும் இந்தப் பள்ளியில் இருப்பவள் விசாலி மட்டும்தான்.

"நீ படிக்கலையா?" என்றாள் அபர்ணா.

"திருப்பிக் குடுக்கத்தானே சொன்னாரு. முறைப்படி எடுத்துட்டுப் படிக்கலாம்னு."

விசாலி தன் அட்டையை நீட்டினாள். அபர்ணா அதை வாங்கி இயந்திரத்தின் கீழ் பிடித்தாள். இந்தப் பள்ளியில் ஐந்து ஆண்டு படித்த பிள்ளையின் பெயர் முதல் முறையாக அந்தத் திரையில் வந்தது. விசாலி, ஏ, சாய்கோடு, பி, தேனப்பன். கோடு அழகாக, நேராகச் சாய்ந்து நின்றது. விசாலி எட்டிப் பார்த்தாள். 

பிறகு அபர்ணா புத்தகத்தைப் புரட்டி அதன் முதுகிலிருந்த எண்ணை இயந்திரத்துக்குக் காட்டினாள். திரை சிவந்தது. பொருள் இல்லை. தமிழ் அலமாரியின் பதிவுகள் அத்தனையும் லுப்புஸ் அன்றே அடிக்கப்பட்டிருந்தன. மறுபடி காட்டினாள். பொருள் இல்லை.

"இது எடுக்காது," என்றாள்.  "இந்தப் புத்தகம் இல்லைங்குது."

விசாலி திரையைப் பார்த்தாள், பிறகு மேசைமேல் கிடந்த புத்தகத்தை. அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

"முன்னாடி நான் இல்லை, புத்தகம் இருந்துச்சு," என்றாள். அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். புத்தகத்தையும் எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "பெலவாட்னு போட்டுடுங்க டீச்சர். பழக்கம்தானே."

  மாடிப்படியில் அவள் காலணி ஓசை இறங்கிப் போய் நின்றது. ஜன்னல் வழியே அன்றைய நெடி உள்ளே வந்துகொண்டிருந்தது.

திரையில் அவள் பெயர் இன்னும் இருந்தது, முழுதாக, பிழையில்லாமல். அதன் கீழே ஒரே ஒரு வரி. இதுவரை எடுத்த நூல்கள்: இல்லை.